உரையும் ஐதிகமும்: லெமூரியாக் கருதுகோளும் தமிழாராய்ச்சியும்

1. அளவையும் நம்பிக்கையும்

தமிழாராய்ச்சிக் கட்டுரைகளில் 'அறிவியலார் கூறுவர்', 'நிலநூல் வல்லார் முடிபு' என்னும் தொடர்கள் பலகாலும் வரக் காண்கிறோம். கூறியவர் யாவர், எந்த ஆண்டிற் கூறினார், எச்சான்று கொண்டு கூறினார், பின்வந்தோர் அதனை ஏற்றனரா மறுத்தனரா என்னும் வினாக்கட்கு அத்தொடர்களில் விடை இராது. இலக்கியச் செய்தி ஒன்றைக் கூறுங்கால் நூற்பெயரும் பாட்டெண்ணும் உரையாசிரியர் பெயரும் தவறாது தருகின்ற நம்மவர், அறிவியற் செய்தியைக் கூறுங்கால் மட்டும் அவற்றை வேண்டாது விடுவது ஏன்? அறிவியல் என்பது எக்காலத்தும் ஒரே குரலிற் பேசுவது என்னும் எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். அவ்வெண்ணம் பொருந்தாமையையும், அதனால் தமிழாராய்ச்சிக்கு நேர்ந்த இடர்ப்பாட்டையும் லெமூரியாக் கருதுகோளின் வரலாறு கொண்டு காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிமேகலையில் 'சமயக் கணக்கர்தந் திறங்கேட்ட காதை'யில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். அவற்றுள் ஆகமம், ஐதிகம் என்னும் இரண்டும் பிறர் சொற்கொண்டு அறியும் அறிவு பற்றியன. ஆகமம், அறிவன் இயற்றிய நூல்கொண்டு தெளிவது. ஐதிகம், இன்னார் கூறினார் என்பது அறியப்படாது உலகில் வழங்கும் செய்திகொண்டு தெளிவது. ஒரு மரத்திற் பேய் உண்டு என ஊரார் கூறுவதனைத் துணிதல் ஐதிகத்திற்கு அந்நூல் காட்டும் எடுத்துக்காட்டு. பிற்காலத்துச் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகளை அடக்கிக் கொள்ளும்.

அறிவியலறிவு காண்டலும் கருதலுமே என்றும், உரைக்கு ஆங்கு இடமில்லை என்றும் சிலர் கருதுவர். அது முழுவதும் உண்மையன்று. நிலவுலகின் அகவையையோ அணுவின் அமைப்பையோ நம்முள் எவரும் கண்டதில்லை. அறிந்தார் உரையை நம்பியே அறிந்துள்ளோம். அறிவியலார் தாமும் தம் துறைக்கு அப்பாற்பட்டவற்றை அவ்வாறே கொள்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அறிவியல், ஒருவர் சான்றை மற்றொருவர் நம்பும் நெறியின்மீது எழுந்தது என்பதனை ஸ்டீவன் ஷேப்பின் 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். ஆகவே நம்புதல் குற்றமன்று. எவ்வுரை நம்பத்தக்கது என்பதே வினா. பெயரும் காலமும் சான்றும் உடன்வரும் கூற்று உரையாகும். அவை உதிர்ந்தபின் அக்கூற்றே ஐதிகமாகிவிடும். லெமூரியா இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

2. கருதுகோளின் தோற்றம்

லெமூரியா என்னும் பெயரை முதலில் வழங்கியவர் பிலிப் சிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியல் அறிஞர். மடகாஸ்கர்த் தீவின் பாலூட்டிகளைப் பற்றி 1864இல் அவர் எழுதிய கட்டுரையில் அது காணப்படுகிறது. லெமூர் என்னும் விலங்கினம் அத்தீவில் மிகுந்துள்ளது. அதன் உறவினம் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உண்டு. நம் நாட்டுத் தேவாங்கு அவ்வுறவினத்தைச் சார்ந்ததே. கடல் கடக்கவியலாத இவ்விலங்குகள் இருகரையிலும் காணப்படுதற்குக் காரணம் கூற வேண்டிய சிலேட்டர், இடையே நிலம் ஒன்று இருந்து பின்னர் மறைந்திருத்தல் வேண்டும் எனக் கருதினார். இது கருதலளவையே. புகையைக் கண்டு தீயை உய்த்துணர்வதுபோல், தேவாங்கைக் கண்டு நிலத்தை உய்த்துணர்ந்தார். கண்டங்கள் இடம் பெயர்வன என்பது அறியப்படாத காலத்தில் அவர் முடிபு இயல்பான ஒன்றே.

ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல் அந்நிலத்தை மேலும் ஒருபடி உயர்த்தினார். 1868இல் வெளிவந்த தம் படைப்பு வரலாற்று நூலின் பின்வந்த பதிப்புகளில், மாந்தரினம் தோன்றிய இடமாக லெமூரியா இருந்திருக்கலாம் என்றார். மாந்தனின் முன்னோர் எலும்புகள் அதுகாறும் கிடைத்தில. அவை கடலடியிற் கிடக்கும் என்பது அவ்வின்மைக்கு ஒரு விடையாயிற்று. இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். சிலேட்டர் கண்ட விலங்குகளைக் கொண்டு காணாத நிலத்தைக் கருதினார். ஹெக்கல் காணாத நிலத்தைக் கொண்டு காணாத மாந்தரைக் கருதினார். ஜாவாவில் 1891இலும், தென்னாப்பிரிக்காவில் 1924இலும் கிடைத்த எலும்புகளும் அவற்றைத் தொடர்ந்தனவும் ஆராய்ச்சியை வேறு நிலங்களுக்குக் கொண்டுசென்றன. இன்று ஆப்பிரிக்காவே மாந்தரின் தோற்றுவாய் எனக் கொள்ளப்படுகிறது.

3. கைவிடப்பட்ட வகை

லெமூரியா மறுக்கப்பட்டது நேற்று இன்றன்று. ஆல்பிரட் ரசல் வாலஸ் 1880இல் தீவுகளின் உயிரினங்கள் பற்றி எழுதிய நூலிலேயே அதனை வேண்டாததெனத் தள்ளினார். எனினும் மடகாஸ்கர், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் பாறைகளும் தாவரப் புதைபடிவங்களும் தம்முள் ஒத்திருந்தமையால், அந்நிலங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தன என்னும் கருத்து நிலநூலாரிடையே நீடித்தது. கோண்டுவானா என எட்வர்ட் சூயஸ் பெயரிட்டது அவ்விணைப்பையே. ஆயின், இடைநிலம் எங்ஙனம் மறைந்தது என்பதற்கு விடையில்லை. கண்டப்பாறை கடலடிப் பாறையினும் எடை குறைந்தது. நீரில் மிதக்கும் கட்டை தானே ஆழ்ந்து போகாதவாறுபோல, கண்டம் தானே கடலடிக்கு ஆழ்தல் இயலாது.

1912இல் ஆல்பிரட் வெகனர், நிலம் அமிழவில்லை, நகர்ந்தது என்றார். அவரை நெடுங்காலம் பெரும்பாலோர் ஏற்றிலர். நியூயார்க்கில் 1926இல் கூடிய நிலநூலார் பலர் கடுமையாக மறுத்தனர். 1962இல் ஹாரி ஹெஸ், கடலடி நடுமுகடுகளிற் புதிதாகத் தோன்றி இருபுறமும் விலகிச் செல்கிறது என்னும் கருத்தை வெளியிட்டார். 1963இல் வைன், மாத்யூஸ் என்னும் இருவர் கடலடிப் பாறைகளிற் பதிந்துள்ள காந்தத் தடங்களைக் கொண்டு அதனை ஆராயும் வழியைக் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவைகளுள் தலையாயவை, 'ஓவன்' என்னும் பிரித்தானியக் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் முகட்டின்மேல் எடுத்தவை. எக்கடலின் அடியில் லெமூரியா கிடப்பதாகக் கூறப்பட்டதோ, அக்கடலே அது வேண்டாமைக்குச் சான்றளித்தது.

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகட்கு முன். நம் மாந்தரினத்தின் அகவை ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. ஆதலின் அவ்விணைப்பு உண்மையே எனினும், அதனைக் கண்ட மாந்தர் எவரும் இலர்.

4. தமிழாராய்ச்சியிற் புகுந்த வகை

கடல் நிலத்தைக் கொண்டது என்னும் செய்தி தமிழில் தொன்மையானது. கலித்தொகையும் சிலப்பதிகாரமும் அதனைக் கூறும். பஃறுளியாறு புறநானூற்றிலும் வரும். இறையனார் அகப்பொருளுரை மூன்று சங்கங்கட்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் எனக் கணக்குத் தரும். பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட தொலைவு 700 காவதம் என்றும், ஆங்கு 49 நாடுகள் இருந்தன என்றும் அடியார்க்குநல்லார் உரைப்பர். குமரிகண்டம் என்னும் பெயரோ கந்தபுராணத்தில் பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றாக வருகிறது. ஆங்கு அது கடல்கொண்ட நிலமன்று. இவை காலத்தாலும் இயல்பாலும் வேறுபட்ட சான்றுகள். பாட்டின் குறிப்பு வேறு, பன்னூற்றாண்டு பிற்பட்ட உரையாசிரியரின் கணக்கு வேறு, புராணத்தின் பகுப்பு வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றோடு லெமூரியா வந்து கலந்தது. பரிதிமாற் கலைஞர் 1903இல் வெளியிட்ட தமிழ் மொழியின் வரலாற்றில் குமரிநாட்டையும் லெமூரியாவையும் இயைத்துக் கூறினார். தேவநேயப் பாவாணர் 1966இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் தமிழின் பிறப்பிடமாக அந்நிலத்தைக் கொண்டார். இவ்விரு கூற்றையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. 1903இல், வாலஸ் மறுத்திருந்தபோதிலும், நிலத்தொடர்புக் கொள்கை நிலநூலாரிடையே வழங்கிக்கொண்டிருந்தது. அன்று அதனை எடுத்தாண்டது குற்றமாகாது. 1966இல் அக்கொள்கை வீழ்ந்துகொண்டிருந்தது. அன்று அது மறு ஆய்வை வேண்டி நின்றது. இன்று எழுதுவோர் அதனை எடுத்தாள்வரேல் அதற்கு அமைதி கூறுதல் அரிது. கூற்றிற்குக் காலம் குறிப்பது பிற்காலத்தார் பிழையைக் காட்டுவதோடு, முற்காலத்தாரை வேண்டாப் பழியினின்றும் காக்கிறது.

காலம் குறியாது போயதனால் விளைந்த கேடு யாது? அடியார்க்குநல்லார் கூறிய 700 காவதத்திற்கு லெமூரியா சான்றாயிற்று; லெமூரியாவில் மாந்தர் வாழ்ந்தமைக்கு அடியார்க்குநல்லார் சான்றாயினார். இஃது ஒன்றனையொன்று பற்றுதல் என்னும் குற்றம். இரண்டு சான்றுகள் உள்ளனபோலத் தோன்றினும், உண்மையில் ஒன்றும் இல்லை. மேலும், பிரம்மஞான சங்கத்தார் தம் மறைபொருட் கொள்கைக்கு அதே பெயரை எடுத்துக்கொண்டனர். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இலும், ஸ்காட் எலியட் 1904இலும் எழுதியவை நிலநூல் அல்ல. பெயர் ஒன்றாகவே, இரண்டும் 'மேனாட்டார் முடிபு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிட்டன. அறிவனின் உரை, மரத்துப் பேய் பற்றிய ஊரார் சொல்லோடு இங்கே ஒன்றாயிற்று.

5. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். வெகனரையும் ஒருகாலத்தில் தள்ளினர், பின்னர் ஏற்றனர். அறிவியலார் கருத்து மாறும் இயல்பினது என்று தாமஸ் கூன் 1962இல் எழுதிய நூலும் காட்டிற்று. அங்ஙனமாயின் இன்று தள்ளப்பட்ட லெமூரியா நாளை ஏற்கப்படாதோ? மொரீசியசுத் தீவின் மணலில் பழங்கண்டத் துணுக்குகள் உண்டென 2013இலும், அத்தீவின் பாறையில் ஏறத்தாழ 300 கோடி ஆண்டு அகவையுள்ள படிகங்கள் உண்டென 2017இலும் ஆய்வாளர் வெளியிட்டபோது, தொலைந்த கண்டம் கிடைத்தது என்று செய்தித்தாள்கள் எழுதவில்லையோ?

இத்தடை வலியுடையதுபோல் தோன்றும், ஆயின் நில்லாது. வெகனர் கொள்கை ஏற்கப்பட்டது, மறுத்தோர் மனம் சலித்து மாறியதனாலன்று. முன்னில்லாத கடலடிச் சான்று கிடைத்ததனால். சிலேட்டர் கண்ட தேவாங்கும் லெமூரும் இன்றும் அவ்வவ்விடத்தேயுள்ளன. மாறியது, அவற்றிற்குக் கூறிய காரணமே. இன்றைய காரணம் முன்னதனால் விளங்கியதனையும், அதனால் விளங்காததனையும் ஒருங்கே விளக்குகிறது. மொரீசியசிற் கிடைத்தவை, மாந்தர் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகட்கு முன்னரே பிரிந்து மறைந்த சிறு நிலத்துண்டின் எச்சங்கள். அவை சங்கம் எதற்கும் சான்றாகா.

அறிவியலை ஏன் நம்ப வேண்டும் என்னும் வினாவை நேரே எடுத்துக்கொண்டவர் நவோமி ஓரஸ்கஸ். நிலநூற் பயிற்சியுடைய இவ்வரலாற்றாசிரியர், கண்டநகர்வு அமெரிக்காவில் மறுக்கப்பட்ட வரலாற்றை 1999இல் எழுதியவர். 2019இல் எழுதிய நூலில், நம்பிக்கைக்குரியது தனியொருவர் அறிவுமன்று, பிழையா நெறி ஒன்றுமன்று. பலர் கூடி ஒருவர் கூற்றை ஒருவர் ஓயாது ஆராயும் ஆய்வே என்னும் கருத்தை அவர் நிறுவுகின்றார். கார்ல் பாப்பர் 1934இல் கூறியதும் இதனோடு இயைவது: எது கிடைப்பின் தன் கூற்று பொய்யாகும் என்பதைக் கூறவல்லதே அறிவியற் கூற்று. கடலடி முழுதும் அளந்த பின்னரும், எது கிடைப்பினும் பொய்யாகாது நிற்கும் லெமூரியா, அந்நிற்றலாலேயே தன் தகுதியை இழந்தது.

6. பாடவேறுபாடும் அறிவியற் கூற்றும்

இவ்வாறு கூறுவதனால் கடல்கோட் செய்தி பொய் என்பது பெறப்படாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் கடல்மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதும், பனியுருகிக் கடல் ஏறியபோது கரைநிலங்கள் மறைந்தன என்பதும், தமிழகமும் இலங்கையும் அந்நாளில் நிலத்தால் இணைந்திருந்தன என்பதும் உறுதியான செய்திகள். அவற்றிற்கும் பாட்டிலுள்ள நினைவிற்கும் தொடர்பு உண்டா என்பது தனியே ஆராயத்தக்கது. கண்டம் ஒன்றைத் தேடிய ஆர்வத்திற் கரையை ஆராய்தல் பின்தங்கிற்று என்பதே வருந்தத்தக்கது.

தமிழின் தொன்மைக்கு வேறு சான்று இல்லாமலும் இல்லை. கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்த மாதிரி கி.மு. 580ஐச் சார்ந்தது என்றும், 200 செ.மீ. ஆழத்திலுள்ளது கி.மு. 205ஐச் சார்ந்தது என்றும் கூறுகிறது. ஆழம் கூறப்பட்டுள்ளமையால் ஐயுறுவோர் ஐயுறலாம்; ஆராய்வோர் மீண்டும் ஆராயலாம். கரிமக் காலக்கணிப்பு தானும் மாறாது நின்றதன்று. வில்லார்ட் லிபி 1949இல் அதனை நிறுவியபோது வளிமண்டலக் கதிர்க்கரிமத்தின் அளவு என்றும் ஒன்றே எனக் கொண்டார். அது மாறுவது என 1958இல் டி விரீஸ் காட்டினார். மரவளையங்களைக் கொண்டு பின்னர்த் திருத்தம் செய்யப்பட்டது. எனவே 1960இற் கூறிய காலத்தையும் இன்று கூறும் காலத்தையும் திருத்தம் நோக்காது ஒப்பிடுதல் தவறாகும்.

இந்நெறி தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது, சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். சுவடி இன்னதெனக் கூறாத பாடத்தை எந்தப் பதிப்பாசிரியரும் ஏலார். அறிவியற் கூற்றையும் அவ்வாறே கொள்க: அது யார் பாடம், எவ்வாண்டின் பாடம், அதனினும் பிந்திய பாடம் உண்டா என வினவுக. இவ்வினாக்களை ஆய்வேட்டின் முதற்பக்கம் எழுதும்போதே மாணவர் எழுப்புவராயின், அறிவியலின் பெயரால் ஐதிகம் புகுதல் ஒழியும். தமிழரின் தொன்மை பற்றி உண்மையாக நிறுவத்தக்கவற்றை நாம் நிறுவுங்கால், பிறர் அவ்வுரையை நம்புதற்கும் தடை இராது.