‘தொடர்புடையோர்’ என்னும் சொல்

பயங்கரவாதக் கூட்டங்களுக்கு அயல்நாடுகளிலிருந்து பொருளுதவி செய்வோரின் உடைமைகளை முடக்குதல் வேண்டற்பாலதே. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், அத்தடைக்கு அடிப்படையாய் அமைந்த ஆவணங்களின் சொல்லாட்சி ஆராயத்தக்கது.

ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் 2000 டிசம்பரில் நிறைவேற்றிய 1333ஆம் தீர்மானம், பின் லேடனுடன் ‘தொடர்புடையோர்’ நிதியையும் முடக்கப் பணித்தது. ‘கொடுத்தோர்’ என்றால் வினையும் காலமும் வெளிப்படும். ‘தொடர்புடையோர்’ என்பதோ வெறுங்குறிப்பு. யாது செய்தார், எப்போது செய்தார் என்பன அதில் புலப்படா. ஆங்கில மூலத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இச்சொல்லுக்கு மன்றம் வரைவிலக்கணம் தந்தது 2005இல், 1617ஆம் தீர்மானத்தில்தான். அங்கும், வேறு வகையில் ஆதரித்தல் என்றொரு வாயில் திறந்தே விடப்பட்டது!

இதன் விளைவு சொற்போரோடு நிற்கவில்லை. அயல்நாடுகளில் உழைத்த சோமாலியர் தம் குடும்பத்தாருக்குப் பணம் அனுப்பப் பெரிதும் நம்பியிருந்த நிறுவனம் அல் பரக்காத். வங்கிகள் சிதைந்துபோன அந்நாட்டில் பல குடும்பங்களின் அடுப்பெரிந்தது அப்பணத்தால். 2001 நவம்பரில் அது பட்டியலில் சேர்க்கப்பட்டு முடக்கப்பட்டது. அதன்மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குப் போதிய சான்று கிட்டவில்லை என்பதை, செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் அலுவலர் அறிக்கையே 2004இல் பதிவுசெய்தது.

ஸ்வீடனில் இயங்கிய பரக்காத் அமைப்பு வழக்காடியது. எதிர்ச்சான்றை அறிவிக்காமலும் மறுமொழி கூற வாய்ப்பளிக்காமலும் நிதியை முடக்கியது செல்லாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008 செப்டம்பர் 3இல் தீர்ப்பளித்தது. பட்டியலில் சிக்கியோரின் முறையீட்டைக் கேட்க ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் தனி அலுவலர் பதவி 2009 டிசம்பரில்தான் உருவாக்கப்பட்டது. அதற்குள் பரக்காத் முடங்கி எட்டாண்டுகள் கழிந்திருந்தன.