குமிழா, மெனுவா, தொடுதிரையா?

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் டிரான்ஸீவரை (அனுப்பவும் ஏற்கவும் செய்யும் கருவியை) இயக்குபவரின் கவனம் முழுவதும் காதில் குவிந்திருக்கும். இரைச்சலுக்கு அடியில் கேட்கும் மெல்லிய குரலையோ மோர்ஸ் ஒலியையோ பிரித்தெடுக்கும் வேளையில் ஒரு கை மைக்கிலோ மோர்ஸ் சாவியிலோ இருக்கும். மறு கை ட்யூனிங் குமிழில் இருக்கும். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சில் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் விலகினாலே குரலின் இயல்பு கெட்டுவிடும். ஒலி அளவு, ரிசீவரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ஆர்.எஃப். கெயின், வடிகட்டியின் அகலம் ஆகியவற்றையும் அடுத்தடுத்துத் திருத்த வேண்டிவரும். முகப்பு சரியாக அமையாத கருவியில் இந்தத் திருத்தங்கள் முடிவதற்குள் எதிர்முனைக் குரல் மறைந்துவிடும். எது சரியான முகப்பு என்பதில்தான் ஹாம்களிடையே நெடுங்காலமாக உடன்பாடு இல்லை.

ஒரு செயலுக்கு ஒரு குமிழ் என்ற பழைய முறையை விரும்புவோர் காலின்ஸ் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த கேடபிள்யூஎம்-2, 1970களின் கென்வுட் டிஎஸ்-520 போன்ற கருவிகளை எடுத்துக்காட்டுவார்கள். இவற்றில் எதற்கு எந்தக் குமிழ் என்பதைக் கை பழகிக்கொள்கிறது, கண் தேவைப்படுவதில்லை. இந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால் அதே முகப்பில் டிரைவ், பிளேட், லோடு போன்ற குமிழ்களும் இருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியீட்டுப் பகுதியில் வால்வுகள் இருந்ததால், பேண்டை (அலைவரிசைப் பகுதியை) மாற்றும்போதெல்லாம் இவற்றைத் திருப்பி ஒத்திசைக்க வேண்டியிருந்தது. தாமதித்தால் வால்வு சூடேறிக் கெடும். டிரான்சிஸ்டர் வெளியீடு வந்தபின் அந்தச் சுமை நீங்கியது. அந்த வகையில் பழைய கருவிகளைவிடப் புதியவை எளிமையானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நுண்செயலி வந்ததும் கருவி சுருங்கியது, செயல்கள் பெருகின. இந்த முரண்பாடு முற்றிய இடம் யேசு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஃப்டி-817. அதன் முகப்பு 135 மி.மீ. அகலமும் 38 மி.மீ. உயரமுமே கொண்டது, எடை ஏறத்தாழ 1.2 கிலோ. குறுந்தூர வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகளும் நெடுந்தூர எச்.எஃப். அலைகளும் அதற்குள் அடங்கின. விலையாகக் கொடுக்கப்பட்டது முகப்பு. ஏ, பி, சி என்ற மூன்றே பொத்தான்கள் வரிசை வரிசையாகப் பல செயல்களை ஏற்கின்றன. அதற்கப்பால் 57 உருப்படிகள் கொண்ட மெனு. அதிகம் கண்டிக்கப்பட்டது, மோர்ஸ் குறிகளை உருவாக்கும் கீயரின் வேகம் இந்த மெனுவுக்குள் போய்விட்டதுதான். எதிர்முனையில் இருப்பவர் மெதுவாக அனுப்பினால் தானும் வேகத்தைக் குறைப்பது ஹாம் மரபு. தொடர்பின் நடுவே அதைச் செய்ய மெனுவைத் திறந்து எண்ணைத் தேட வேண்டும். இதைச் சின்னக் குறையென்று தள்ளிவிட முடியாது.

ஆனாலும் மலையுச்சிகளிலிருந்து ஒலிபரப்பும் சோட்டா திட்டம் 2002இல் பிரிட்டனில் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் விரும்பி எடுத்துச்சென்ற கருவிகளில் இதுவும் ஒன்று. மேசைமேல் வைத்து மணிக்கணக்கில் இயக்குபவருக்கு எரிச்சலூட்டும் முகப்பு, முதுகுப்பையில் சுமந்து மலையேறுபவருக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்கது. எஃப்டி-817 பற்றிய கருத்து வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரு பயன்களையும் பிரித்துப் பார்க்காததால் எழுந்தது.

எலிகிராஃப்ட் நிறுவனத்தின் கே3, கேஎக்ஸ்3 கருவிகள் நடுவழி ஒன்றைக் காட்டின. ஒரே பொத்தானை மெல்லத் தட்டினால் ஒரு செயல், அழுத்திப் பிடித்தால் வேறொரு செயல். இரண்டும் பொத்தானருகே வெவ்வேறு நிறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முகப்பு நெருக்கமாகத் தெரிந்தாலும் எதுவும் ஒளிந்திருப்பதில்லை. புதியவருக்குத் திகைப்பு தரும் இந்த எழுத்து நெரிசல், பழகியவருக்கு உதவியாகிறது.

ஐகாம் ஐசி-7300, 2016இல் விற்பனைக்கு வந்தபின் வாதம் தொடுதிரைக்குத் திரும்பியது. 4.3 அங்குலத் திரையில் பேண்ட் முழுவதும் கண்முன் விரிகிறது. எங்கே நிலையங்கள் இருக்கின்றன என்று குமிழைத் திருப்பித் தேட வேண்டியதில்லை. அதிர்வெண்ணின் இலக்கத்தைத் தொட்டாலே பேண்டோ ட்யூனிங் படியோ மாறுகிறது. எச்.எஃப். கருவிகளில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த பெரிய முன்னேற்றம் இந்தக் காட்சிதான். ஆயினும் காட்சிக்குத் திரை சிறந்தது என்பதால் கட்டுப்பாட்டுக்கும் அதுவே சிறந்தது என்று ஆகிவிடாது. திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கண் அங்கே போக வேண்டும். வெயிலிலும் ஓடும் வாகனத்திலும் கையுறை அணிந்த கையிலும் இந்தக் குறை பெரிதாகிறது. ஒலி அளவு, ஆர்.எஃப். கெயின், வடிகட்டியைச் சரிசெய்யும் பாஸ்பேண்ட் ட்யூனிங் ஆகியவற்றை ஐகாம் குமிழ்களாகவே விட்டுவைத்தது சரியான முடிவு.

கணினித் திரையையே முகப்பாக்கிய ஃபிளெக்ஸ்ரேடியோவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2012இல் அறிவிக்கப்பட்ட 6000 வரிசையின் முதல் கருவிகளில் குமிழ்கள் இல்லை. மவுஸே போதும் என்பது எண்ணம். பின்னர் அதே நிறுவனம் மேஸ்ட்ரோ என்ற தனி முகப்பையும், 2017இல் குமிழ்களோடு கூடிய 6400எம், 6600எம் மாடல்களையும் கொண்டுவந்தது.

எந்தச் செயலுக்குத் தனிக் குமிழோ பொத்தானோ தேவை என்பதற்கு ஸ்பிளிட் முறை நல்ல சான்று. அரிய நிலையம் ஒரு அதிர்வெண்ணில் பேசி, சில கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும். அழைப்பவர் இரண்டையும் மாறிமாறிக் கேட்டாக வேண்டும். இதற்காகக் கென்வுட் டிஎஃப்-செட் என்றும், ஐகாம் எக்ஸ்எஃப்சி என்றும், யேசு டிஎக்ஸ்டபிள்யூ என்றும் அழுத்திப்பிடித்துக் கேட்கும் பொத்தானை வைத்திருக்கின்றன. கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டியவை கைக்கு நேராக இருக்க வேண்டும். நிலையத்தை அமைக்கும்போது ஒருமுறை மாற்றுபவை மெனுவில் இருக்கலாம். கீயர் வேகம் முதல் வகை. மைக் கெயின் பெரும்பாலும் இரண்டாம் வகை.

பார்வையற்ற ஹாம்களின் தேவை இந்த வாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது, அது வருந்தத்தக்கது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1967இல் தொடங்கிய ஹேண்டிஹாம் போன்ற அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளை இத்துறைக்குக் கொண்டுவந்தன. கென்வுட் டிஎஸ்-590எஸ் கருவியில் விஜிஎஸ்-1 என்ற குரல் அலகைப் பொருத்தினால் பொத்தான்களின் நிலையும் மெனுவும் குரலாகக் கேட்கும். கே3இல் மோர்ஸ் ஒலியாகக் கேட்கும். ஐசி-7300 அதிர்வெண்ணையும் முறையையும் சொல்லும், திரையிலுள்ள மெனுவைச் சொல்லாது. பெருமளவில் விற்பனையான ஒரு கருவிக்கு இது கனமான குறை.

வாதம் தீராததற்கு இன்னொரு காரணம் அளவீடு. கொலராடோவின் ராப் ஷெர்வுட் தொகுக்கும் பட்டியல், ரிசீவர்களை 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் கிடைக்கும் டைனமிக் ரேஞ்சின்படி (வலுவான அலைகளுக்கு அருகே மெல்லியதைக் கேட்கும் திறனின்படி) வரிசைப்படுத்துகிறது. டெசிபெல்லில் சொல்லப்படுவதற்கு மதிப்பு ஏறுகிறது. முகப்போ, விமர்சகரின் ரசனை என்று தள்ளப்படுகிறது. ஆனால் முகப்பையும் அளக்க முடியும். வடிகட்டியைக் குறுக்க எத்தனை அழுத்தங்கள், ஸ்பிளிட்டுக்கு எத்தனை விநாடி, பழகாதவர் எத்தனை முறை தவறுகிறார் என்று எண்ணினால் போதும். புதிய கருவியைச் சில நாட்கள் மட்டும் வைத்திருந்து எழுதப்படும் மதிப்புரைகள் பழக்கமின்மையையே குறையாகச் சொல்லிவிடும் ஆபத்தும் இதனால் குறையும்.

முகப்பை இயக்குபவரே மாற்றிக்கொள்வது மற்றொரு வழி. ஐதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் 2017இல் வெளியிட்ட யூபிட்எக்ஸ் கருவியில் சிறு எழுத்துத் திரையும், ட்யூனிங்குக்கு அழுத்தக்கூடிய ஒரே குமிழும், ஒலி அளவுக் குமிழும்தான். ஆனால் அதன் ஆர்டுயினோ நிரல் எல்லோருக்கும் திறந்தது; வேண்டிய பொத்தானைச் சேர்த்து, வேண்டிய வேலையை அதற்குக் கொடுக்கலாம். பணம் குறைந்த ஹாமுக்கு இது பெரும் சுதந்திரம். அதன் குறை கூட்டுப்பணியில் தெரியும். பேரிடர்க் காலத்தில் ஒரே கருவியைப் பலர் முறைவைத்து இயக்குவார்கள். ஒருவர் தனக்கென மாற்றியமைத்த முகப்பில், நள்ளிரவில் பொறுப்பேற்கும் அடுத்தவர் ஒலிபரப்பு அதிர்வெண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரும். அங்கே எல்லோருக்கும் தெரிந்த, பெயர் அச்சிட்ட குமிழ்களே பாதுகாப்பு.