எள்ளலும் சட்டமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைச் சுட்டினார். இவற்றுள் ஆள்வோர்க்கு அச்சம் தருவது எள்ளல். தமிழ் மேடையில் அவ்வெள்ளலையே படைக்கலனாக ஏந்தி, அதன்பொருட்டுத் தடையும் கைதும் வழக்கும் கண்டவர் எம்.ஆர். இராதா (1907–1979).

இராதாவின் நகைச்சுவை எழுதிவைத்த உரையாடலோடு அமைவதன்று. அன்றைய நாளிதழ்ச் செய்தி அன்றிரவே மேடையேறும். அவைக்கேற்ப வசனம் வளரும். ஆதலின் அவர் நாடகம் ஏட்டில் ஒன்றாகவும் மேடையில் வேறொன்றாகவும் விளங்கியது. ஏட்டைப் பார்த்து ஒப்புதல் அளிக்கும் அதிகாரிக்கு இதைவிடப் பெருந்தொல்லை வேறில்லை. அவருடைய இராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. 1954ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு புதிய நாடகச் சட்டம் ஒன்றை இயற்றியது. இராதாவின் நாடகங்களை மனத்திற்கொண்டே அச்சட்டம் பிறந்தது என்பது நாடக வரலாறு அறிந்தோர் கருத்து.

அதே 1954இல் திருவாரூர் கே. தங்கராசுவின் 'இரத்தக் கண்ணீர்' திரைப்படமாக வெளிவந்தது. பேராக் மாநிலத் தோட்டங்களில் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களைக் கண்ட முதியோர், லூமுட் வட்டாரத்திலும் அதன் வசனங்களை இன்றும் நினைவுகூர்வர். அதன் தலைவன் மோகனசுந்தரம், தாயை இகழ்ந்து மனைவியைத் துறந்து பரத்தைவயப்பட்டு அழிபவன். ஆயினும் சமுதாயப் போலித்தனத்தைச் சாடும் கூரிய சொற்களெல்லாம் அக்கெட்டவன் வாயிலிருந்தே வருகின்றன. அவை அவன் சொல்லுக்குச் சிரிக்கிறது. அவன் செயலை வெறுக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நிகழ்த்தியதே இராதாவின் வெற்றி.

குறையும் உண்டு. தொழுநோயைத் தீயொழுக்கத்தின் தண்டனையாகக் காட்டியது அறிவியலுக்கு ஒவ்வாது. அது கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. மூடநம்பிக்கையைச் சாடிய நாடகமே மூடநம்பிக்கை ஒன்றுக்கு இடங்கொடுத்தது. இக்குறையைச் சுட்டுவது திறனாய்வாளன் கடமை; தடை விதித்த சட்டத்தால் இதனைக் காண இயலவில்லை.

எள்ளலுக்கே இந்நிலை எனின், பேதைமைக்கு நேர்ந்தது யாது? அமெரிக்க நகைச்சுவை நடிகர் டாமி சோங், கஞ்சா மயக்கத்தில் உளறும் பேதையாக நடித்துப் புகழ்பெற்றவர். 2003இல் போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் அமெரிக்க அரசு மேற்கொண்ட நடவடிக்கையில், புகைக்கும் கண்ணாடிக் குழல்களை விற்ற குற்றத்திற்காக ஒன்பது மாதச் சிறை பெற்றார். விற்பனை நடந்தது உண்மை. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் அரசுத் தரப்பினர் அவர் நடித்த படங்களையும் எடுத்துக்காட்டித் தண்டனை வேண்டினர். திரையில் கண்ட பேதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டான்.

போதைப்பொருளின் கேட்டை மலேசியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1983இல் அது நாட்டின் முதன்மை எதிரியென அறிவிக்கப்பட்டது; எத்தனையோ இல்லங்களை அழித்ததும் கண்கூடு. அக்கேட்டை எதிர்ப்பது அறம். ஆனால் விற்றதற்குத் தண்டிப்பது வேறு. சிரிக்க வைத்ததற்குத் தண்டிப்பது வேறு. இராதாவின் வாழ்விலேயே இவ்வேறுபாடு விளங்கும். 1967இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் அவர் தண்டனை பெற்றார். அங்கே சட்டம் செயலை எடைபோட்டது. அது சட்டத்தின் பணி. 1954இல் எடைபோட்டதோ வேடத்தை.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அந்நாடகச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது இராதா இல்லை. அவருடைய வசனங்கள் இருந்தன.

பாத்திரத்தின் கூற்று வேறு, படைத்தவன் கூற்று வேறு என்பது இலக்கிய வகுப்பின் முதற்பாடம். கைகேயி வரம் கேட்டதற்காகக் கம்பனை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இப்பாடத்தை மாணவன் பிழையாகக் கற்றால் தேர்வில் சில மதிப்பெண்கள் போகும். ஆள்வோர் பிழையாகக் கற்றால் ஒரு கலைஞன் சிறைபுக நேரும்.