அம்பாசடர் இன்ஜினுக்கு எந்த பேரிங்?

பழைய வண்டியின் இன்ஜினை இறக்கியதும் எல்லாரும் கேட்பது, “எந்தக் கம்பெனி பேரிங் போடலாம்?” என்பதுதான். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: கிராங்க் இப்போது என்ன அளவில் இருக்கிறது, வண்டி இனி எவ்வளவு ஓடப்போகிறது.

சென்னை அசோக் நகரில் நண்பர் வீட்டு அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் மாடல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சீட் வரைக்கும் தண்ணீரில் நின்ற வண்டி. அதற்குப் பிறகு தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தது. சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் கிராங்க் பின்னில் துருப்புள்ளிகள். பிக் எண்ட் பேரிங் ஷெல்களில் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. துரு குழி விழுந்த கிராங்கை எம்ரி தாளால் தேய்த்துப் புது ஷெல் மாட்டினால், அந்தக் குழியே ஷெல்லை அரித்துவிடும். கிரைண்டிங் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதலில் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து, பேரிங்கில் சுழலும் ஜர்னல் ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். எத்தனை தௌ எடுத்தால் சுத்தமாகும் என்று தெரிந்த பிறகே ஷெல் வாங்க வேண்டும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து, இருபது, முப்பது, நாற்பது என அண்டர்சைஸ் ஷெல்கள் வருகின்றன. நம் கிராங்குக்குப் பத்தே போதுமானதாக இருந்தது. கிரைண்டிங் செய்பவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: ஜர்னல் ஓரத்திலுள்ள வளைவை நேர்மூலையாக வெட்டக் கூடாது. கிராங்க் முறிவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

ஜி.பி. ரோட்டில் இரண்டு வகை செட் வாங்கினோம். ஒன்று ட்ரைமெட்டல்: எஃகு முதுகு, அதன்மேல் செம்பு-ஈயம், அதற்கும் மேலே மெல்லிய ஈய-வெள்ளீயப் பூச்சு. மற்றது பைமெட்டல்: எஃகு முதுகின்மேல் அலுமினியம்-வெள்ளீயக் கலவை, அவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து வகையை முடிவு செய்ய வேண்டாம். 1961இல் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனத்தின் பெயரிலேயே பைமெட்டல் இருக்கிறது, ஆனால் அது கம்பெனியின் பெயர். பகுதி எண்ணைச் சொல்லி, இது எந்த உலோகம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஷெல்லின் முதுகில் பொறித்திருக்கும் அளவையும் பார்த்துவிடுங்கள். பெட்டியில் பத்து, ஷெல்லில் ஸ்டாண்டர்டு என்று இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம்.

இரண்டு செட்டையும் மாட்டி, பிளாஸ்டிகேஜ் வைத்து கிளியரன்ஸ் பார்த்தோம். இடியாப்ப இழை மாதிரியான மெழுகுத் துண்டை ஜர்னல்மேல் வைத்து, கேப்பை டார்க் ரென்ச்சால் முறையாக முறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட வேண்டும். ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பொதுக் கணக்கு. அம்பாசடரின் மெயின் ஜர்னல் ஏறக்குறைய இரண்டு அங்குலம் என்பதால் இரண்டு தௌவுக்குள் இருந்தால் நிம்மதி. இரண்டு செட்டும் அந்த எல்லைக்குள் வந்தன. அளவில் வித்தியாசமில்லை என்றால், உலோகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ட்ரைமெட்டலின் மேற்பூச்சு அருமையானது. மிருதுவானது, சின்னத் தூசியைத் தனக்குள் அமுக்கிக்கொள்ளும், பாரமும் தாங்கும். ஆனால் ஒரு தௌவுக்கு மேல் கனம் இருக்காது. அது தேய்ந்தால் கிராங்கில் உரசுவது செம்பு-ஈயம். அதைவிட முக்கியம், நின்றுகொண்டே இருக்கும் வண்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசோக் பில்லர் வரை போய்த் திரும்பும் காரில் ஆயில் முழுதாகச் சூடேறாது. ஈரமும் அமிலமும் அதிலேயே தங்கிவிடும். பூச்சு போன இடத்தில் அந்த அமிலம் செம்புக்குள் இருக்கும் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். அலுமினியம்-வெள்ளீயத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. தேய்ந்தாலும் அடியில் அதே உலோகம்தான் இருக்கும்.

ஐம்பது குதிரைசக்தி அளவிலான இந்த இன்ஜினின் பாரத்துக்கு பைமெட்டலே தாராளம். நாங்கள் மாட்டியதும் அதைத்தான். 20டபிள்யூ-50 ஆயிலோடு, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின்னும் ஐடிலில் பிரஷர் முள் இருபது பவுண்டுக்குக் கீழே இறங்கவில்லை.

மாட்டும்போது கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பது, ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் ஈயத்தாள் வைப்பது போன்ற பழைய கைவைத்தியத்தை அனுமதிக்காதீர்கள். ஷெல் தன் கூட்டில் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் சூடு வெளியேறும். நடு மெயின் பேரிங்கில் வரும் த்ரஸ்ட் வாஷரின் ஆயில் பள்ளம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவது சுலபம்.

டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. அதுவும் 1489 சிசிதான். ஆனால் எரியும்போது எழும் அழுத்தம் பெட்ரோலைவிட மிக அதிகம். தினமும் ஓடும் டீசல் என்றால் ட்ரைமெட்டல் வாங்குங்கள், ஆயிலை மட்டும் தவணை தவறாமல் மாற்றுங்கள்.