எந்தோரில் எழும்பி வந்தவர் யார்?

1 சாமுவேல் 28ஆம் அதிகாரத்தைக் குறித்து நம் சபைகளில் ஆற்றப்படும் அருளுரைகளில் பல ஒரே முடிவையே தருகின்றன: எந்தோரில் தோன்றியவர் சாமுவேல் அல்லர், சாமுவேலின் வேடம் பூண்ட பிசாசே. இம்முடிவு பழமையானது. மெய்யாகவே சாமுவேல் வந்தார் என்று ஓரிகன் விளக்கியபோது, அந்தியோகியாவின் யூஸ்தாத்தியு அதை மறுத்துத் தனி நூலே இயற்றினார். நீசாவின் கிரகோரியும், பிற்காலத்தில் லூத்தரும் கால்வினும் யூஸ்தாத்தியுவின் பக்கமே நின்றனர். அகஸ்தீனோ இரு கருத்துக்கும் இடம் விட்டார்.

ஆயினும் திருமறைப் பகுதியை அதன் போக்கிலேயே வாசிப்போமாக. 12, 14, 15, 16, 20 ஆகிய வசனங்களில் ஆசிரியர் தம் சொந்தக் கூற்றாகவே 'சாமுவேல்' என்று எழுதுகிறார். ஐயத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுமில்லை. சீராக் ஆகமமும் (46:20) அவ்வாறே கொண்டது. தோன்றியவரின் உரையில் கர்த்தருடைய திருப்பெயர் எபிரெயத்தில் ஏழு முறை வருகிறது. அவர் கூறியது 15ஆம் அதிகாரத்தின் தீர்ப்பே. புதிதாய் வந்தது மறுநாளைய தோல்வியும் மரணமும். அதுவும் நிறைவேறிற்று. இதைப் பிசாசின் பேச்சு என்போர், பிசாசு கர்த்தரின் மெய்யான வார்த்தையைப் பிரசங்கித்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

நம் பழைய மொழிபெயர்ப்பின் 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ' என்ற தொடரும் சிந்தனைக்குரியது. வெற்றிலையில் மை தடவிக் களவுபோன பொருளைத் தேடுவதே நம்மவர் அறிந்த அஞ்சனம். எபிரெயச் சொல்லாகிய 'ஓப்' வேறு. ஏசாயா 29:4இல் அது தரைக்குள்ளிருந்து முணுமுணுக்கும் குரல். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'வயிற்றிலிருந்து பேசுகிறவள்' என்ற பொருளுடைய சொல்லை இட்டனர். ஹாஃப்னர் 1967இல் இதை ஏத்தியரின் சடங்குக் குழியோடு தொடர்புபடுத்தினார். அனைவரும் ஏற்காவிடினும், 'ஏறிவரப்பண்ணுதல்' என்ற வினைக்கு அது நன்கு பொருந்துகிறது. மொழிபெயர்த்தோரை நான் குறைகூறவில்லை. மக்கள் அறிந்த சொல்லையே அவர்கள் எடுத்தனர். ஆனால் அச்சொல்லால், சவுல் தேடியது மரித்த ஒருவரின் குரலை என்பது மறைந்துவிடுகிறது.

பிசாசு என்று சொல்லிவிடுவது பிரசங்கிக்கு எளிது. 6ஆம் வசனத்தை அவன் அப்போது தொட வேண்டியதில்லை. சவுல் முதலில் கர்த்தரிடத்திலேயே விசாரித்தான். சொப்பனம், ஊரீம், தீர்க்கதரிசிகள் ஆகிய எவ்வழியாலும் மறுமொழி வரவில்லை. சவுல் கர்த்தரைத் தேடவில்லை என்று 1 நாளாகமம் 10:14 கூறுகிறது. இம்முரணை நாம் மூடிமறைக்கலாகாது. பிள்ளையை அடக்கம்பண்ணிய தாய் ஒருத்தி குறிகாரியிடம் போய்வந்ததை ஆயரிடம் சொல்ல அஞ்சுகிறாள். அவள் செய்தது தவறே. உபாகமம் 18 ஐயத்திற்கு இடமளிக்கவில்லை. எனினும் அவளை அங்கே அனுப்பியது எந்த மௌனம் என்று கேளாமல் பிசாசைப் பற்றிப் பேசுவது மேய்ப்பனின் வேலையன்று.

இன்னொன்று. 'ஷாமா', அதாவது கேட்டல் என்ற வினை இவ்வதிகாரத்தின் முடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. கர்த்தரின் சொல்லைக் கேளாதவன் என்று சாமுவேல் சவுலைக் கடிந்தார். நான் உம் சொல்லைக் கேட்டேன், நீரும் என் சொல்லைக் கேளும் என்ற கருத்தில் அந்த ஸ்திரீ மன்றாடுகிறாள், அவன் கேட்கிறான். லேவியராகமம் 20:27இன்படி கல்லெறியுண்ணத் தக்கவள், கொழுத்த கன்றை அடித்து, மாப்பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டு, மறுநாள் சாகப்போகிறவனை உண்ணச்செய்தாள். இவ்வசனங்களின்மேல் அருளுரை ஒன்றையும் நான் இதுவரை கேட்டதில்லை.