மண்ணுக்கா, தாங்கிக்கா?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெரும்பங்கு தண்ணீர் தருவது ஒரே வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. வீடு கட்டுகிறவர் அந்த மழையை வீணாக விடக்கூடாது என்று இரு நாட்டிலும் விதி உண்டு. தமிழ்நாட்டில் அதை மண்ணுக்குள் இறக்கச் சொல்கிறோம். இலங்கையிலோ தாங்கியில் பிடித்துவைத்துக் குடிக்கப் பழகியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2003-இல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புது வீடு, பழைய வீடு என்ற பேதமில்லை. மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம், செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். 2016-இல் வந்த ஒன்றிய அரசின் மாதிரிக் கட்டட விதிகளே 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளைத்தான் கேட்கின்றன. 2003-க்குப் பிறகு வந்த நல்ல மழைகளில் சென்னைக் கிணறுகளில் நீர் ஏறியதும் உண்மை. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோளாறு மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழியில் இருக்கிறது. பெசன்ட் நகர் மணலில் ஓர் எளிய கசிவுநீர்க் குழி போதும், தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். களிமண் பகுதியில் அதே குழியை வெட்டினால் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும். களிமண் அடுக்கைத் துளைத்துக் குழாய் இறக்கினால்தான் பயன். ஆனால் துண்டிப்புக்குப் பயந்து அவசரத்தில் வெட்டிய குழிக்கு மண் பார்க்க யாருக்கு நேரம்? இன்று ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஜல்லியின் மேல் சேறு படிந்து கெட்டியாகியிருக்கும், மாடியிலிருந்து வரும் குழாயின் வாயை இலைச்சருகு அடைத்திருக்கும். மண்ணுக்குள் போகும் தண்ணீர் வீட்டுக்காரர் கண்ணில் படுவதில்லை, அதனால் குழி தூர்ந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு நகரமே லாரிக்குக் காத்திருந்தபோதுதான் பலருக்குத் தங்கள் வீட்டுக் குழியின் நினைவு வந்தது.

இலங்கையில் கதை கிராமத்திலிருந்து தொடங்குகிறது. 1990-களில் உலக வங்கி உதவியுடன் நடந்த சமூக நீர் வழங்கல் திட்டம் பதுளை, மாத்தறை மாவட்டக் கிராமங்களில் 5000 லிட்டர் தாங்கிகளை அறிமுகப்படுத்தியது. கம்பிவலையின் மேல் சிமெந்து பூசிய, பூசணிக்காய் வடிவத் தாங்கிகளும் அவற்றில் உண்டு. ஓட்டுக்கூரையின் பீலியில் வரும் முதல் மழையை அழுக்கோடு வெளியே விட்டுவிட்டு, பிறகுதான் தாங்கிக்குத் திருப்புவார்கள். நுளம்பு புகாமல் மேலே வலை, கீழே ஒரு குழாய். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் எடுத்தால் நிறைந்த தாங்கி 250 நாள் வரும். புளோரைடு மிகுந்த கிணறுகளும் சிறுநீரக நோயும் வாட்டும் அனுராதபுரம் போன்ற வறண்ட வலய மாவட்டங்களில் இது சாதாரண வசதி அல்ல. தேசிய மழைநீர்க் கொள்கை 2005-இல் வந்தது. 2007-இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்திப் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பழக்கம் முன்னால் வந்தது, விதி பின்னால் வந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் கொழும்பில் அந்த விதிக்கு அவ்வளவு உயிர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாங்கி மட்டும் போதும் என்று யாழ்ப்பாணம் இருந்துவிட முடியாது. அங்கே வற்றாத ஆறு கிடையாது; சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே நெடுங்கால ஆதாரம். மழையை மண்ணுக்குக் கொடுக்காவிட்டால் உவர் ஏறும். கண்டதையெல்லாம் கொடுத்தாலும் ஆபத்துதான்: சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டாமல் விட்டுவிடும், உரத்தாலும் மலக்குழிகளாலும் கிணறுகளில் ஏற்கெனவே நைத்திரேற்று கூடியிருக்கிறது.

என் கணிப்பில் வரிசை இதுதான்: மொட்டைமாடித் தண்ணீர் முதலில் சம்ப்புக்கோ தாங்கிக்கோ போகட்டும், வழிவது குழிக்கு இறங்கட்டும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். வரைபட அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பொறியாளரிடம் குழியின் அளவைக் கேட்பதற்கு முன், மனையில் பத்தடி ஆழத்தில் என்ன மண் இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே குழி வைத்திருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் மூடியைத் திறந்து தூர் வாரிவிடுங்கள்.