கச்சாங் பூத்தேயும் குடலின் பொறுமையும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ, மாலை வேளையில் கச்சாங் பூத்தே வாங்கி, காகிதக் கூம்பிலிருந்து வறுத்த நிலக்கடலையை ஒவ்வொன்றாக வாயிலிட்டு மெல்லும் ரசிகன், அதன் உப்பையும் மொறுமொறுப்பையும் மெச்சுவானேயன்றி, தன் குடல் அத்தருணத்தில் காட்டும் அபூர்வமான சகிப்பைச் சற்றும் எண்ணுவதில்லை. கடலையின் புரதம் தேகத்துக்கு முற்றிலும் அந்நியம். கரப்பான் என்னும் தோல்நோய் கண்டு வெடித்த குழந்தையின் சருமத்தின் வழியே அது நுழையுமாயின், உடலின் காவல் அதனைச் சத்துருவென்று குறித்துக்கொள்ளவும் கூடும். வாய்வழியே வந்தாலோ, குடற்சுவரில் காத்திருக்கும் கிளையணுக்கள் அதன் துணுக்குகளை ஏந்தி நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று, ஏ வைட்டமினிலிருந்து பிறக்கும் ஓர் அமிலத்தின் சகாயத்துடன், சினமடக்கும் டி அணுக்களை உருவாக்குகின்றன. இவ்வகை அணுக்களை இனங்கண்ட ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சிக்கு, அமெரிக்கர் இருவருடன், 2025இல்தான் நோபல் பரிசு வாய்த்தது. தாமதமான மரியாதை என்றே சொல்வேன்.

இச்சகிப்பைச் சிசுப் பருவத்திலேயே பழக்கலாம் என்பதற்குச் சான்றும் உண்டு. லண்டனில் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதலாண்டிலேயே கடலையுணவு உண்ணத் தொடங்கியவர்களிடம், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை, அதைத் தவிர்த்தவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே காணப்பட்டது. ஆயினும் கூம்பிலுள்ள முழுக்கடலை மழலையின் தொண்டையை அடைத்துவிடும். விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரைத்தே ஊட்டவேண்டும், கரப்பானுள்ள குழந்தைக்கோ வைத்தியரைக் கேட்ட பிறகே.